நஸ்ரின் டீச்சரின் மூன்றரைப் பாகம்

நஸ்ரின் டீச்சர் மௌத்தாகிவிட்டார்.

காலையில் சிலாவத்துறையில் இருந்து போன் வந்தது. நெஞ்சுவலியாம்... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே எல்லாம் முடிந்துவிட்டதாம்.

சனிக்கிழமைகளில் அவரும் நானும்தான் பிள்ளைகளுக்கு கம்ப்யூட்டரில் திரீடி மாடல் செய்யச் சொல்லிக்கொடுத்தோம். உலகத்தில் பெயர்போன கட்டடங்களைச் சரியான அளவில் சுருக்கிச் செய்யவேண்டும்.

எல்லாருக்கும் ஈபிள் கோபுரம்தான் வேண்டும். "செய்யுங்கோ. ஆனா அதே ஸ்கேல்ல பக்கத்தில எங்கட அல்லிராணிக் கோட்டையும் நிக்கவேணும்" என்றார் டீச்சர்.

அரிப்புக் கடற்கரையில் பாதி இடிந்து நிற்கிற அந்தக் கோட்டை, ஈபிளுக்குப் பக்கத்தில் நெருப்புப்பெட்டி மாதிரி வந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"சிரிச்சது காணும். இனிக் கிட்டப் போய்ப் பாருங்கோ" என்று ஸூம் பண்ணிக் காட்டினார்.

ஒருமுறை ரிஸ்லா தன் வீட்டை அளந்து வந்தாள். "முன்சுவர் அஞ்சு பாகம் டீச்சர்." கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளை, இரண்டு கையையும் விரித்த நீளத்தை ஒரு பாகமாக வைத்து அளந்திருக்கிறாள். நான் பெரியாட்களின் கைக்கணக்கில் டைப் பண்ண, வீடு அரண்மனையாகிவிட்டது!

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "ஆற்ற கையால அளந்த பாகம் மகள்?" என்று கேட்டார்.

அன்றைக்கே எல்லாரையும் வகுப்புச் சுவரோடு கை விரித்து நிற்கவைத்து, விரல்நுனிகளில் பென்சிலால் கோடு போட்டார். தனக்கும் போட்டார்.

பிறகு கோட்டையை அளக்கப் போனோம். கடல் பக்கச் சுவர் கரையின் விளிம்பில் நின்றது. கடைசியாக அதை அளக்கப் போக, அளவு நாடா காற்றில் கையை விட்டுக் கடலுக்குள் போய்விட்டது. பிள்ளைகளைத் தூர நிறுத்திவிட்டு, டீச்சர் போய்ச் சுவரைக் கட்டிப்பிடித்துக் கையால் அளக்கத் தொடங்கினார்.

"டீச்சர், விழுந்தா ஆர் பதில் சொல்றது? அடுத்த கிழமை நாடாவோட வருவம்!" என்று கத்தினேன். எனக்கு உண்மையிலேயே கோபம்.

"கடல் எங்களைக் கேட்டிட்டா எடுக்குது? மூண்டரைப் பாகம். எழுதுங்கோ தம்பி."

அடுத்த கிழமைக்குள் மழை. அந்தச் சுவர் கடலுக்குள் போய்விட்டது.

மாடலில் அந்தப் பக்கம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது; டீச்சரின் ஒரு பாகம் எத்தனை அடி என்று அளக்காமலே விட்டுவிட்டோம். இன்றைக்கு ஒருவர் போன் எடுத்து, "இனிக் கிளாஸை நிப்பாட்டுறதுதானே?" என்று கேட்டார். எனக்கு வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

பின்னேரம் ரிஸ்லாவின் வாய்ஸ் மெசேஜ். அழுதழுது பேசியிருந்தாள்.

"சேர், டீச்சர்ட கோடு வகுப்புச் சுவரில அப்பிடியே இருக்கு. நான் போய் அளந்திட்டன். சனிக்கிழமை கிளாஸ் இருக்குத்தானே?"

ஓம் பிள்ளை, இருக்கு. எல்லாரும் வாங்கோ.

போயிட்டு வாங்கோ டீச்சர்... கடல் பக்கச் சுவரை உங்கட கையளவிலேயே எழுப்புறம்.