பன் கொடுத்துப் பழக்கியவன் நான்தான்

இருபது வருடத்துக்கு முன்பு சிவகாசியில் அச்சக வேலை எனக்கு. ஞாயிறுதோறும் வத்திராயிருப்புப் பக்கம் உள்ள அணைப் பூங்காவுக்குப் பன் வாங்கிப் போவேன். என் மஞ்சள் பையைக் கண்டதும் குரங்குகள் மரத்தைவிட்டு இறங்கி ஓடிவரும். அதில் எனக்கு அம்புட்டுப் பெருமை.

ஒரு ஞாயிறு, குடும்பத்தோடு வந்திருந்த ஒரு பெண்ணின் மஞ்சள் பையை இழுத்த குரங்கு, அவர் கையையும் கடித்துவிட்டது. நான் ஓடிப்போய் விரட்டினேன்.

"எவன் தீனி போட்டுப் பழக்கினானோ!" என்று அவர் அழுதார்.

பேசாமல் நழுவியிருக்கலாம். மனசு கேட்கவில்லை.

"நான்தான்க்கா. வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

அங்கே அவருக்கு ஊசி போட்டார்கள். கிளம்பும்போது அவர், "ஒத்துக்கிட்டீகள்ல, இனிமே போடாதீக" என்றார்.

அதன்பிறகு வெறுங்கையோடு போய், தீனி போடுகிறவர்களிடம் நடந்ததைச் சொல்லித் தடுத்தேன். பல மாதம் கழித்து, குரங்குகள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆலம்பழம் தின்றுகொண்டிருந்தன. அவை என்னை மறந்ததில் எனக்கு வருத்தமே இல்லை.