பலகையில் முப்பத்தொரு பெயர்கள்

அக்காவின் பெயரைச் சுவரிலிருந்து கழற்றியது நான்தான். இத்தனை வருடங்களில் எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. நானும் மன்னிப்புக் கேட்டதில்லை, கேட்கப்போவதுமில்லை. ஒன்பது வயதில் அப்பா சொன்னதைச் செய்தேன், அவ்வளவுதான்.

அக்கா அப்போது டவுன்டவுனில் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். எஞ்சினியரிங் படிக்கிறாள் என்பதைக் கோயிலில் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அம்மா சொல்லிவிடுவார். ஸ்னோபோர்ட் அணியில் இருக்கிறாள் என்பதை மட்டும் யாருக்கும் சொல்லமாட்டார். இரண்டு காலையும் கட்டிக்கொண்டு பனிமலையில் சறுக்கி இறங்கும் அந்தச் சாமானுக்கு எங்கள் வீட்டில் பெயர் பலகை. நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் நாங்கள் இருந்த மூன்றாம் மாடி வீட்டில் அதை வைக்க இடமில்லாமல் குளியல் தொட்டிக்குள் நிமிர்த்தி வைத்திருந்தாள். குளிக்கப் போகிறவர் முதலில் பலகையைத் தூக்கி வெளியே வைக்க வேண்டும், குளித்து முடிந்ததும் பழையபடி உள்ளே வைக்க வேண்டும். வைக்க மறந்தவர் அன்று முழுக்க அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஆட்களிடம் இந்தக் கதையைச் சொன்னால், பொம்பிளைப் பிள்ளை பனியில் சறுக்குவதற்கு அப்பா தடை போட்டிருப்பார் என்றுதான் நினைப்பார்கள். அப்படி ஒன்றும் இல்லை. அக்கா முதல் போட்டியில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டு வந்தபோது, ஆஸ்பத்திரியில் அப்பா டொக்டரிடம் கேட்ட ஒரே கேள்வி, இவள் எப்போது திரும்பவும் மலையில் ஏறலாம் என்பதுதான். அதற்காக அம்மா மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை. அப்பா அதையும் சந்தோசமாகவே தாங்கிக்கொண்டார்.

பிரச்சினை வேறு இடத்தில் வந்தது. பல்கலைக்கழகங்களுக்கிடையே ஸ்கீ, ஸ்னோபோர்ட் போட்டிகளை நடத்துவதற்கு ஒரு குழு இருந்தது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலிருந்தும் மாணவர் பிரதிநிதி என்று ஒருவர் அதில் உட்காரலாம். ஸ்கீக்காரருக்கும் ஸ்னோபோர்ட்காரருக்கும் சேர்த்து ஒருவர்தான். அந்த ஒருவர் எப்போதும் ஸ்கீக்காரராகவே இருந்தார். அந்தக் குளிர்காலத்தில், அடுத்த வருடம் ஸ்னோபோர்ட்டைப் போட்டிகளிலிருந்து எடுத்துவிடலாம் என்று குழுவில் பேச்சு வந்திருக்கிறது. அக்காவின் பல்கலைக்கழகத்துப் பிரதிநிதி, தனக்கு ஆட்சேபணை இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அதைக் கேள்விப்பட்ட அன்று அக்கா கறிச்சட்டியை மேசையில் வைத்த வைப்பில் குழம்பு அம்மாவின் கையில் தெறித்தது.

"ஆரைக் கேட்டு ஆட்சேபணை இல்லையெண்டவர்? இந்தமுறை எலெக்சன்லை நான் நிக்கிறன்" என்றாள்.

அப்பாவின் கை சோற்றில் அப்படியே நின்றது. அவர் லாசால் பகுதியில் ஒரு பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்தார். அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. அன்று கதைத்தார்.

"ஓடு, பாய், விழுந்து கையைக் காலை முறி. நான் ஒண்டும் சொல்லேல்லை. பேர் மட்டும் குடுக்காதை."

"இது கனடா, அப்பா."

"தெரியும்."

"பிறகென்ன?"

"குடுக்காதையெண்டா குடுக்காதை."

அப்பாவுக்கும் பெயர்ப் பட்டியல்களுக்கும் எப்போதும் ஆகாது. எங்கள் கட்டடத்து வாசலில் அழைப்புமணிகளுக்குப் பக்கத்தில் எல்லா வீட்டுக்காரரின் பெயரும் இருக்கும், எங்கள் இலக்கத்துக்குப் பக்கத்தில் வெறுமையாக இருக்கும். தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் பட்டியலில் அம்மாவின் பெயர்தான். பிரெஞ்சு சரியாக வராததால் அப்பாவுக்கு எந்தப் படிவத்தைக் கண்டாலும் பயம் என்று அக்கா விளக்கம் சொன்னாள். நானும் அதை நம்பினேன். அப்பாவின் பயத்தைப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் சிரித்திருக்கிறோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அக்கா பெயர் கொடுத்தாள். படம், பெயர், கீழே அணியில் உள்ள பத்துப் பேரின் கையெழுத்து என்று ஒரு கடதாசி. அதை விளையாட்டுக் கட்டடத்துச் சுவரில் எல்லோரும் பார்க்கிற மாதிரி குத்த வேண்டும். சனிக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம், அங்கேயே வாக்கெடுப்பு. இன்னொரு வேட்பாளர் ஒரு ஸ்கீக்காரர், ஆட்சேபணை இல்லாதவருடைய கூட்டாளி.

அந்தச் சனிக்கிழமை அக்கா விடியவே பயிற்சிக்குப் பஸ்ஸில் மலைக்குப் போய்விட்டாள். பஸ் திரும்பி வந்ததும் நேரே கூட்டம். முடிந்ததும் தானே வந்து கூட்டிப்போவதாக அப்பா சொல்லியிருந்தார். அப்பா இறங்கி வந்துவிட்டார் என்று அக்காவுக்குச் சந்தோசம். அப்பா என்னையும் வெளிக்கிடச் சொன்னார். அம்மா வாசலில் நின்று, "சும்மா விடுங்கோவன் அவளை" என்றார். அப்பா குனிந்து சப்பாத்துக் கட்டினார்.

விளையாட்டுக் கட்டடத்தடியில் காரை நிறுத்திவிட்டுத்தான் என்னிடம் விசயத்தைச் சொன்னார். "உள்ளுக்குப் போனவுடனை வலப்பக்கச் சுவரிலை அக்காவின்ரை படம் போட்ட கடதாசி இருக்கும். கழட்டிக்கொண்டு வா. ஆரும் கேட்டா, என்ரை அக்காவின்ரை எண்டு சொல்லு. பொய் இல்லைத்தானே."

திருட அனுப்பும்போதும் பொய் சொல்ல விடாத மனிதர். ஏன் என்று கேட்டேன். பேந்து சொல்லுறன் என்றார்.

நாலு குண்டூசிகள். ஒவ்வொன்றாகக் கழற்றி, கடதாசியை எடுத்து, ஊசிகளைத் திரும்பவும் சுவரிலேயே ஒழுங்காகக் குத்தினேன். கடதாசியை நாலாக மடித்து ஜக்கற்றின் உள்பைக்குள் வைத்தேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. குளிர்பான இயந்திரத்தடியில் நின்ற அப்பாவிடம் போய்த் தலையை ஆட்டினேன். அவருடைய முகத்தில் நான் எதிர்பார்த்த சந்தோசத்தைக் காணவில்லை. வீட்டுக்குப் போவோம் என்றும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் பஸ் வந்தது. கனத்த சப்பாத்துகள் தரையில் இடிக்க எல்லோரும் உள்ளே வந்தார்கள். அக்காவின் மூக்கு குளிரில் சிவந்திருந்தது, கக்கத்தில் பலகை. கூட்டத்தை நடத்த வந்த நெட்டையான பெடியன் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, உங்கள் கடதாசி சுவரில் இல்லையே, அப்படியென்றால் வேட்பாளர் ஒருவர்தான் என்றான். அக்கா போய்ச் சுவரைப் பார்த்தாள். நாலு ஊசிகளைப் பார்த்தாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தபோது அப்பாவைக் கண்டாள். அவர் வாழ்நாளில் குடிக்காத குளிர்பானங்களின் பெயர்களை வாசித்துக்கொண்டு நின்றார். கடைசியில் என்னைப் பார்த்தாள். என் கை தானாக ஜக்கற்றுக்குப் போனது. அது போதுமாக இருந்தது.

எனக்கு அடி விழும் என்று நினைத்தேன். கடதாசியைப் பாதி வெளியே இழுத்தேன். அக்கா அதைத் திரும்பவும் என் பைக்குள் தள்ளினாள்.

"வைச்சிரு. எனக்கு வேண்டாம்."

அந்தப் பெடியனிடம் போய் இன்னும் எத்தனை நிமிடம் இருக்கிறது என்று பிரெஞ்சில் கேட்டாள். எட்டு நிமிடம். விதியை வாசி என்றாள். அவன் வாசித்தான்: வேட்பாளரின் பெயர், பத்துக் கையெழுத்து, எல்லோரும் பார்க்கக்கூடிய இடத்தில். கடதாசியில்தான் இருக்க வேண்டும் என்று எங்கே போட்டிருக்கிறது, காட்டு என்றாள். அவன் திரையை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தான். எங்கேயும் இல்லை.

அக்கா பலகையைக் குப்புறப் போட்டாள். அடிப்பக்கத்து ஈரத்தை ஜக்கற்றுக் கையால் துடைத்தாள். பயிற்சியாளரின் பெட்டியிலிருந்து அழியாத மைப் பேனையை எடுத்து, முழங்காலில் நின்று தன் பெயரை எழுதினாள். எங்கள் வழக்கப்படி அக்காவின் பெயருக்குப் பிறகு வருவது அப்பாவின் பெயர். தன் பெயரைச் சாதாரணமாக எழுதியவள், அப்பாவின் பெயரை ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கையளவு இருக்கும்படி எழுதினாள். எழுதிவிட்டு நிமிர்ந்து, அத்தனை பேருக்கு முன்னால் தமிழில் சொன்னாள்.

"அப்பா, இதைக் கழட்டேலாது."

அவள் கத்தவில்லை.

முதலில் ஸ்னோபோர்ட்காரர்கள் வந்து குனிந்து குனிந்து கையெழுத்து வைத்தார்கள். பத்து நிரம்பிய பிறகும் நிறுத்தவில்லை. ஸ்கீ அணியிலிருந்தும் சில பெட்டைகள் வந்தார்கள். இடம் போதாமல் நுனியில், கரையில், சாய்வாக என்று எழுதினார்கள். பிறகு பலகையைத் தூக்கிச் சுவரில் சாத்தினார்கள். அப்பா இயந்திரத்தடியை விட்டு மெல்ல நடந்து வந்தார். பலகைக்கு முன்னால் நின்று, விரலைப் பலகையில் படாமல் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பெயராக உதடு அசைய வாசித்தார். எழுத்துப் பிழை பார்க்கிறார் என்று நினைத்தேன்.

அக்கா ஆறு வாக்கு வித்தியாசத்தில் வென்றாள். அடுத்த குளிர்காலமும் ஸ்னோபோர்ட் இருந்தது. அந்தக் குழுவின் மேசையில் அவள் போட்ட சண்டைகளைச் சொல்வதென்றால் தனியாக ஒரு நாள் வேண்டும்.

பலகை காரின் பின்பெட்டிக்குள் கொள்ளாது. முன் ஆசனங்களுக்கு நடுவே நீட்டி, மறுமுனையை நான் மடியில் தாங்கிக்கொண்டு வந்தேன். பெயர்கள் மேல்பக்கமாக இருந்தன. அக்கா கைகளை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தாள். நாலைந்து சந்தி கடந்த பிறகு அப்பா கேட்டார்.

"எத்தினை பேர்?"

"ஏன், அழிக்கச் சொல்லப்போறியளோ?"

"இல்லை. எத்தினை பேர் எண்டு கேட்டனான்."

"முப்பத்தொண்டு."

சிவப்பு விளக்கு விழுந்தது. கார் நின்றது.

"ஊரிலை, கம்பசிலை, ஆமிக்கு எதிரா நாங்கள் கடிதம் குடுக்கேக்கை பதினொரு பேர்" என்றார் அப்பா. "பிரதிநிதியெண்டு முதல் கையெழுத்து என்ரை."

அக்கா கட்டியிருந்த கைகளை அவிழ்த்து, அவர் பக்கம் திரும்பினாள். அவளுடைய முகம் ஏன் அப்படி மாறியது என்று எனக்கு விளங்கவில்லை. எனக்குக் கேட்டது இரண்டு எண்கள்தான். அப்பா தோற்றதில் அவரைக் கொஞ்சம் சீண்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

"அப்ப அக்காதான் கூட" என்றேன்.

"ஓம். அக்காதான் கூட" என்றார்.

மற்றப் பத்துப் பேரும் இப்போது எங்கே என்று நான் கேட்கவில்லை. அப்பாவோடு படித்தவர்கள் என்று அதுவரை நான் கண்ட எல்லோரும் டொரோண்டோவில்தான் இருந்தார்கள். அவர்களும் அங்கேதான் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.