சிவப்புக் கோட்டையின் வாசல்

எங்கள் சிவப்பு அணியில் ஒரு பழக்கம் உண்டு. கோட்டை விழுந்த மறுகணமே சண்டையை நிறுத்திவிட்டுக் குற்றவாளியைத் தேடத் தொடங்கிவிடுவோம். "கேட் கிஸ்னே சோடா?" வாசலை விட்டது யார் என்பதுதான் முதல் கேள்வி. இரண்டாவது கோட்டை மிச்சமிருக்கும், அதைக் காக்க ஆள் இருக்காது. போனில் ஆடும் ஒரு விளையாட்டுக்கு இத்தனை பஞ்சாயத்து. எதிரே இருந்த நீல அணி அப்படியில்லை. அங்கே ஒருவன் விழுந்தால் தூக்கிவிட இன்னொருவன் நிற்பான் என்று சொல்லிக்கொள்வார்கள். எங்களுக்குத் திட்டுவதற்குத்தான் நேரம் இருந்தது.

அந்த விளையாட்டில்தான் என் அண்ணன் எனக்குக் கிடைத்துக்கொண்டிருந்தான். வீட்டுக்குப் பிடிக்காத பெண்ணைக் கட்டிக்கொண்டு அவன் செம்பூர் போனதும், அப்பா என்னை அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்ய வைத்தார். அவனோடு போனில் பேசக் கூடாது, செய்தி அனுப்பக் கூடாது, அவன் வாசலை மிதிக்கக் கூடாது. தாராவியிலிருந்து செம்பூர் ஒரு பஸ் தூரம்தான். நடுவில் அம்மாவின் தலை இருந்தது. மீறினால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நானும் நம்பினேன், அவளும் நம்பினாள். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். சத்தியத்தில் விளையாட்டைச் சேர்க்க மட்டும் அப்பாவுக்குத் தோன்றவில்லை.

அப்பா மாட்டுங்காவில் ஒரு கட்டிடத்துக்கு வாட்ச்மேன். அவர் சாயங்கால டூட்டிக்குக் கிளம்பியதும் போனை எடுப்பேன். ஒரே அணியில் இருப்பவர்கள் பேசிக்கொள்ளலாம். அண்ணன் வாசலைக் காப்பான், நான் பக்கத்தில் நிற்பேன். இயர்போனின் ஒரு முனை என் காதில், மறுமுனை அம்மா காதில்.

"புள்ள பால் குடிக்கானான்னு கேளு," என்பாள். அவள் நேராகப் பேச மாட்டாள். சத்தியம் அவள் தலைமேல் அல்லவா. நான் கேட்பேன். அவன் குழந்தையைப் போனருகே கொண்டுவருவான். அணிக்காரர்கள் எரிச்சலில் கத்துவார்கள். அந்தக் கத்தலுக்குள்ளிருந்து பேரனின் குரலைப் பொறுக்கி எடுத்துக்கொள்ள அம்மாவுக்குத் தெரியும்.

ஒரு நாள் குழந்தை வீறிட்டு அழுதது. அண்ணன் வாசலை விட்டு எழுந்து போனான், கோட்டை விழுந்தது. திரும்பி வந்தவனைப் பிடித்துக்கொண்டார்கள். முதலில் அவனை, பிறகு அவன் மனைவியை, கடைசியில் குழந்தையையும் வைதார்கள். தடுத்துப் பேசினேன், எனக்கும் கிடைத்தது. அம்மா இயர்போனைக் கழற்றி மடியில் வைத்தாள். தாராவியில் இத்தனை வருஷம் இருந்தவளுக்கு அந்த இந்தி புரியாமலா போகும்?

"போதும்ல. நான் நீலத்துக்குப் போறேன்," என்றான் அண்ணன். "அங்க இப்பிடி ஒருத்தனும் பேச மாட்டானாம். நீயும் வந்துரு."

மறுநாளே போகப் பார்த்தேன். கதவை அடைத்துவிட்டிருந்தார்கள். திட்டு வாங்கியவர்களெல்லாம் ஓடியதில் நீலம் நிரம்பிவிட்டது. போனவன் திரும்பி வரவும் முடியாது, அது விதி. ஆள் குறையக் குறையத் தோற்றோம், தோற்கத் தோற்கத் திட்டினோம், திட்டத் திட்ட ஆள் குறைந்தது. எதிர் அணியோடு பேச வழியில்லை. வேறு விளையாட்டுக்கு வா என்று அவனிடம் சொல்லக்கூட முடியவில்லை. எனக்கு அழுகையாக வந்தது.

அம்மா மட்டும் சாயங்காலமானால் வந்து உட்கார்ந்து இயர்போனை வாங்கிக்கொள்கிறாள். இனி அவன் குரல் கேட்காது என்று சொல்லிவிட்டேன். "இருக்கட்டும்ல," என்கிறாள்.

போன வாரம் எங்கள் வாசலுக்கு ஒரு நீலக்காரன் தனியாக வந்தான். தலைக்கு மேல் அண்ணனின் அடையாளப் பெயர். வாளை உறையில் போட்டுவிட்டு, பழைய இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றான். நானும் வாளைத் தாழ்த்தினேன். எங்கள் ஆட்களிடம் ஒற்றுமையை நான் பார்த்தது அன்றுதான். நான் வாய் திறப்பதற்குள் எல்லாரும் சேர்ந்து ஓடிவந்து அவனை வெட்டிச் சாய்த்தார்கள். காதுக்குள் ஒரே ஆரவாரம்.

அம்மாவுக்குத் திரையில் தெரிவதெல்லாம் பொம்மைகள்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு முகம் மலர்ந்திருந்தாள்.

"ஜெயிச்சிட்டியளா? யார அடிச்சிய?"

"யாரோ ஒரு நீலம்," என்றேன்.