பேர் வெட்டாத மெஷின்

எண்பதுகளில் நடந்தது, ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. பழைய சைக்கிள் சக்கரம், டயர் துண்டுகளை வைத்து, மூன்று முறை தோற்று, நான்காவது முறை மல்லாட்டை, அதான் நிலக்கடலை, உடைக்கும் மெஷின் செய்தேன். திருவண்ணாமலை விவசாயக் கண்காட்சியில் வைப்பதாகச் சொல்லி எங்கள் ஊர் இரும்புக்கடைக்காரர் எடுத்துப்போனார். வீட்டுச் சொம்புக்கெல்லாம் பேர் வெட்டி வைத்தவள், மெஷினுக்கு வெட்டாமல் கொடுத்தேனே!

மறுநாள் கண்காட்சிக்குப் போனால், "நானே யோசிச்சு செஞ்சதுங்க" என்று அதிகாரியிடம் அளக்கிறார். அவர் சக்கரத்தைச் சுற்றிக் காட்டியதும் பருப்பெல்லாம் நொறுங்கி விழுந்தது.

"நகருங்க. காய் பெருசா இருந்தா டயரைத் தளர்த்தணும். செஞ்சவளுக்குத்தான் தெரியும்" என்று சீறினேன். தளர்த்திச் சுற்றினேன், பருப்பு முழுசாகக் கொட்டியது. முதல் பரிசு எனக்கு.

இப்போது மெஷின் செய்வதே என் தொழில். பேர் வெட்டாமல் ஒன்றும் வெளியே போகாது. அந்தக் கடைக்காரரும் வெட்கமில்லாமல் ஒன்று கேட்டு வந்தார். அதில் மட்டும் என் பேரை இரண்டு இடத்தில் வெட்டினேன்.