மாமாவின் நண்பரைத் திருடனாக்கிய எண்

மூன்று வருடங்களுக்கு முன், செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கருங்குழியிலிருந்து தினமும் பஸ். ஓர் இணையதளத்துக்காகப் பல நாட்டுப் பணங்களின் பழைய மாற்று விலைகளைத் தேதிவாரியாகப் பதிவதுதான் வேலை. டாலர், யூரோ எல்லாம் அனுபவசாலிகளுக்கு. புதிதாக வந்த எனக்கு, யாரும் சீண்டாத சின்ன நாட்டுப் பணங்கள். மாலத்தீவு ருஃபியா ஒன்றுக்கு எத்தனை இலங்கை ரூபாய் என்ற பட்டியலும் அதில் ஒன்று.

இலங்கைப் பணம் சரிந்த மாதத்தில் நான்கு நாட்களுக்கு மட்டும் விலை கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் கட்டத்தைக் காலியாக விட்டு மேலதிகாரியிடம் சொல்ல வேண்டும். ஆனால் காலிக் கட்டம் இருந்தால் அந்தப் பக்கம் முடிந்ததாகக் கணக்கில் சேராது. எனக்கோ வீட்டுக்குக் கிளம்பும் அவசரம். எங்கள் பட்டியலில் புதிய தேதி மேலே, பழைய தேதி கீழே வரும். மேலே இருந்த எண்ணைப் பிடித்து நான்கு கட்டங்களுக்கும் இழுத்துவிட்டேன். இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். அடுத்தடுத்து எத்தனையோ பக்கங்கள் வந்ததில் இதை மறந்தும் போனேன்.

கோவளத்தில் என் தாய்மாமா இருக்கிறார். மாலத்தீவில் ஒரு தீவு ஹோட்டலில் ஒன்பது வருடம் சமையல் வேலை பார்த்தவர். அங்கே அவருடன் ஒரே அறையில் இருந்தவர் இலங்கை மன்னாரைச் சேர்ந்த இன்னொரு சமையல்காரர். அத்தைக்குத் திடீரென்று ஆபரேஷன் என்றதும் மாமா கடைசி இரண்டு மாதச் சம்பளத்தை வாங்காமலே ஓடி வந்துவிட்டார். நண்பர் அதை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய், ருஃபியாவை இலங்கைப் பணமாக மாற்றி, பிறகு மாமாவுக்கு அனுப்பினார். வந்த தொகையில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு குறைந்திருந்தது. தான் மாற்றிய மறுநாளே இலங்கைப் பணம் விழுந்துவிட்டது, அனுப்புவதற்குள் மதிப்பு குறைந்துபோனது என்று அவர் தேதியோடு சொன்னார். மாமா அதை அப்படியே நம்பினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே சாப்பிடப் போயிருந்தபோது அத்தை பழைய குறையை எடுத்தார். மாமா வழக்கம்போல, "அவன் அப்பிடிலாம் செய்ற ஆளு இல்ல, வுடு" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "மாமா, நான் வேலை செய்யறதே இதுலதான். தேதி சொல்லுங்க, பார்த்துடலாம்" என்று பெருமையாகப் போனை எடுத்தேன். நண்பர் சொன்னது, ஒரு ருஃபியாவுக்குப் பதின்மூன்று ரூபாய். எங்கள் இணையதளப் பக்கத்தில் அதே தேதிக்குப் பதினேழு இருந்தது. அதை வாய்விட்டுப் படித்தேன்.

மாமா என் போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். சாப்பாட்டைப் பாதியில் விட்டுக் கை கழுவிவிட்டு நண்பரை அழைத்தார்.

"கம்ப்யூட்டர்லயே கீதுடா. ஒம்போது வருசம் ஒரே ரூம்ல படுத்துக்கினு என்னையே ஏமாத்திக்கிறியே" என்றார்.

ஸ்பீக்கரில், "நான் மாத்தின அண்டைக்கு அந்த விலைதான் அண்ணன்" என்று மெதுவாகக் கேட்டது. மாமா துண்டித்துவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து மன்னாரிலிருந்து பணம் வந்தது. குறைந்த தொகை முழுவதும். அதோடு ஒரு வார்த்தைகூட இல்லை. உண்மை வெளிவந்ததால்தான் திருப்பிக் கொடுத்தான் என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டினோம். நானும்தான்.

அந்த வருடக் கடைசியில் அலுவலகத்தில் பழைய பக்கங்களைச் சரிபார்க்கச் சொன்னார்கள். விடுபட்ட நாட்களுக்கான விலைகள் வேறு இடத்திலிருந்து கிடைத்திருந்தன. ருஃபியா பக்கத்தைத் திறந்தேன். அந்தத் தேதிக்கு நேரே சரியான விலை பதின்மூன்று சொச்சம். மறுநாளிலிருந்துதான் ஏற்றம். விலை ஏறிய பிறகு இருந்த எண்ணை நான் மேலிருந்து கீழே இழுத்துவிட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மேலதிகாரியிடம் ஒப்புக்கொண்டேன். அது சுலபமாகத்தான் இருந்தது. ஒரு கண்டிப்போடு முடிந்தது. சனிக்கிழமை திருப்போரூர் வழியாக மூன்று பஸ் மாறிக் கோவளம் போனேன். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தும் மாமாவைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. அழுதுகொண்டே சொன்னேன்.

மாமா கடைசி வரை கேட்டார். "அப்போ அவன் சரியாத்தான் குடுத்துகிறான்" என்றார். பிறகு, "தெரிலன்னா தெரிலன்னு வுட்டுருக்கலாமே பாப்பா" என்றார். அவ்வளவுதான், திட்டவே இல்லை.

உடனே மன்னாருக்குப் போன் போட்டார். எடுத்தது நண்பரின் மனைவி. மோட்டார் சைக்கிளை விற்றுத்தான் அந்தப் பணத்தை அனுப்பினார்களாம். அது இல்லாமல் அங்கே வேலைக்குப் போய்வர முடியாமல் நண்பர் கத்தாருக்குப் போய்விட்டாராம். மாமா தவறு எங்களுடையது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். புது நம்பர் கேட்டார்.

"அவருக்கு உங்களோட கோபம் இல்லை அண்ணன். ஆனா கதைக்க மாட்டார்" என்றார் அந்த அம்மா.

பணத்தை மாமா வற்புறுத்தித் திருப்பி அனுப்பினார். மன்னிப்புக் கேட்டு நான் ஒரு கடிதம் எழுதி நண்பரின் மனைவி போனுக்கு அனுப்பினேன். படித்ததற்கான நீலக் குறி வந்தது, பதில் வரவில்லை.

நண்பரிடம் கற்றுக்கொண்ட தேங்காய்ப்பால் சொதியை மாமா ஞாயிறுதோறும் வைப்பார். இப்போது வைப்பதில்லை, நாங்களும் கேட்பதில்லை. கோவளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி அந்த வீட்டுக்கு நடக்கும்போதெல்லாம், ஒன்பது வருடம் பழகிய மனிதரைவிட நான் படித்துச் சொன்ன ஓர் எண்ணை மாமா நம்பியது என் மேல் இருந்த நம்பிக்கையால்தானே என்ற நினைப்பு வருகிறது, அதை நினைக்காமல் இன்றுவரை ஒரு தடவைகூட அந்த வாசலை என்னால் தாண்ட முடிந்ததில்லை.