நிறுத்தி நிறுத்தி வைத்த பாடம்

காலை ஆறு மணிக்குப் பால் சங்கத்தின் கதவு பூட்டியிருந்தது. பதினெட்டு வருடத்தில் நான் அப்படிப் பார்த்ததில்லை. கேனோடு நின்றிருந்த எங்களிடம் பால் வண்டிக்காரர்தான் வந்து சொன்னார்: "சாந்தாமணி போயிட்டாளுங்க. விடியக்காலைல நெஞ்சு வலிக்குதுன்னு உட்கார்ந்தவ எந்திரிக்கல." வரிசையில் ஒருவர் கேட்டார்: "அப்ப இன்னிக்குப் பால் ஆரு எடுக்கறது?" யார் கேட்டது என்று தெரியும். பெயரைச் சொல்ல மாட்டேன். நானும் அதைத்தான் நினைத்தேன்.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, சங்கத்துச் செயலர் எழுதுகிறார். எதையும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

எலப்புள்ளிக்குக் கிழக்கே எங்கள் ஊர்ச் சங்கத்தில் பால் அளந்து, கொழுப்புப் பார்த்து வாங்குகிற வேலை சாந்தாமணிக்கு. அத்தனை வருடமும் தற்காலிகம். பத்தாம் வகுப்பு தேறாதவர்களை இனி வைத்துக்கொள்ள முடியாது என்று மேலிருந்து உத்தரவு வந்தது. தேறுவதற்கு இரண்டு வருடம் கொடுத்தார்கள். அவளுக்கு வயது நாற்பத்தாறு. காலையில் பால், அப்புறம் வயல், சொந்த மாடு இரண்டு, படுக்கையில் மாமியார், சாயங்காலம் மறுபடி பால். ஃபோனிலேயே படிக்கலாம், நேரம் கிடைக்கிறபோது படிக்கலாம், வேண்டுமென்றால் நிறுத்தி வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். எங்களுக்கு ரொம்பச் சௌகரியமாகத் தெரிந்தது.

ஆமாம், எங்களுக்கு. புருஷன் சோற்றுக்குக் கூப்பிட்டான், மாமியார் தண்ணீருக்குக் கூப்பிட்டாள், நாங்கள் கேனைத் தட்டினோம். "அதென்ன அம்முணி, ஓடியா போகுது? நிறுத்திப்போட்டு வா." அவள் வருவாள். ஒரு நாள் சொன்னாள்: "எப்ப வேணும்னாலும் படிக்கலாம்னாங்க மாமா. அந்த எப்ப எந்தக் கடையில கிடைக்கும்னு மட்டும் ஆரும் சொல்லலீங்க." எல்லோரும் சிரித்தோம். சிரித்துவிட்டுக் கேனை நீட்டினோம். நாலு சுவருள்ள பள்ளிக்கூடத்தில் அவள் உட்கார்ந்திருந்தால், எவனாவது உள்ளே போய்க் கூப்பிட்டிருப்பானா? சங்கத்துக்குப் பால் ஊற்றுகிற நீங்கள் எல்லோரும் இதற்குப் பதில் சொல்லுங்கள்.

போன வருடம் பங்குனி வெயில். மூன்று மணிக்குத்தான் பால் எடுப்பார்கள். திரிந்துவிடுமோ என்று நான் இரண்டரைக்கே போய்க் கதவைத் தட்டினேன். ஃபோனைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"அரை மணி பொறுத்துக்குங்க மாமா."

"நான் பொறுப்பேன், பால் பொறுக்குமா? அந்தக் கருமத்தை நிறுத்தி வெய்யி."

எழுந்து வந்து அளந்தாள். கொழுப்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லி, சீட்டும் கொடுத்தாள்.

அன்று ஓடியது பாடமல்ல, தேர்வு. சாவு வீட்டில்தான் அவள் புருஷன் சொன்னான். நாற்பது நிமிடம். நிறுத்தி வைக்கவே முடியாதது. அதில் தேறினால்தான் அந்த வருடப் பெரிய பரீட்சைக்கு விடுவார்கள். பாதியில் எழுந்து வந்ததால் ஒரு வருடம் போய்விட்டது. இந்த வருடம் மறுபடி எழுதித் தேறி, ஹால் டிக்கெட்டும் வாங்கி வைத்திருந்தாள். பரீட்சைக்குப் பதினொரு நாள் இருந்தது.

"தேர்வுன்னு ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லப்பா?" என்று கேட்டேன்.

"நானும் கேட்டனுங்க மாமா. 'சொன்னா மட்டும்? அதையும் நிறுத்தி வெய்யின்னுதான் சொல்லுவாரு'ன்னா."

சொல்லியிருப்பேன்.

இப்போது சங்கத்து வாசலில் அவள் படம் போட்டு ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். 'ஓய்வு நேரத்தில் கல்வி கற்ற எங்கள் சகோதரி.' அவளுக்கு ஓய்வு நேரம் இருந்ததை எவன் பார்த்தான்? கழற்றுங்கள் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டேன். செயலர் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார், கழற்றவில்லை.

ஒவ்வொரு தடவை நிறுத்தின பிறகும் அவள் பாடத்தை முதலிலிருந்துதான் போடுவாள். விட்ட இடம் மனதில் நிற்காது. வரிசையில் நின்று கேட்டுக் கேட்டு ஒரு பாடத்தின் தொடக்கம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அவளிடமிருந்து என்னிடம் இருப்பது அதுதான். வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்புகிறது. படுகிற கோணமும் திரும்புகிற கோணமும் சமம். "இனி, வளைந்த கண்ணாடியை எடுத்துக்கொள்வோம்" என்பார் ஃபோனில் வருகிற டீச்சர். அந்த இடத்தில் நாங்கள் யாராவது கேனைத் தட்டுவோம்.

அதற்கு மேல் எனக்குத் தெரியாது.