பெட்ராவில் கழுவிய ஷூ

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு போட்டோ உண்டு. மலையைக் குடைந்து செய்த பெரிய வாசல் ஒன்றின் முன்னால், பத்து வயதில், நான் இளித்துக்கொண்டு நிற்கிறேன். பாலைவனத்தில் நடந்த பிள்ளையின் ஷூ எப்படி இவ்வளவு வெள்ளையாக இருக்கிறது என்று வருகிறவர்கள் கேட்பார்கள். அம்மாவுக்கு அதில் பெருமை. எனக்கு அந்தச் சுவர்ப்பக்கம் பார்க்கவே கூசும்.

எங்கள் சபையிலிருந்து ஒரு கூட்டம் பரிசுத்த நாட்டுக்குப் புறப்பட்டபோது, துபாயிலிருந்து அப்பா பணம் அனுப்பி எங்களையும் அதில் சேர்த்துவிட்டார். போகிறவர்களிடம் ஊரே, இயேசு ஞானஸ்நானம் பெற்ற யோர்தான் ஆற்றின் தண்ணீர் கேட்கும். ஆனால் அம்மா மொண்டது சித்திக்காக மட்டும். பெருங்கடவிளையில் இருக்கும் சித்திக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருஷம் கழித்து அப்போதுதான் ஓர் ஆண்பிள்ளை பிறந்திருந்தது. அவனுக்கு யோர்தான் தண்ணீரில்தான் ஞானஸ்நானம் என்று அவள் பொருத்தனை செய்திருந்தாள். அம்மா முழங்கால்வரை ஆற்றில் இறங்கி, ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் நிறைத்து, துண்டில் சுற்றி, என் பைக்குள் வைத்தாள்.

மறுநாள் பெட்ரா, பாலைவன மலைகளைக் குடைந்து செய்த பழைய நகரம். பாட்டிலைப் பஸ்ஸிலேயே வைத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப்பார்த்தேன்.

“எவனாவது குப்பைண்ணு எடுத்து எறிவான். நீயே சுமந்துக்க மக்கா. பின்னே, அந்த ஷூவில மண்ணு படாம நட. ஞானஸ்நானத்துக்குப் போட உள்ளதாக்கும்.”

பாலைவனத்தில் மண் படாமல் எப்படி நடப்பது என்று அம்மா சொல்லவில்லை.

இரண்டு பக்கமும் சிவந்த பாறை. தென்னைக்கு மேல் தென்னையை நிறுத்தினாலும் எட்டாத உயரம். நடுவில் சில இடங்களில் ஒரு ஆட்டோ போகிற அகலம்தான் வழி. அரைமணி நேரத்துக்கும் மேல் நடந்தபிறகு பாறை சட்டென்று விலகி, தூணும் சிலையுமாக ஒரு மாளிகை தெரிந்தது. கட்டியதல்ல, ஒரே மலையில் செதுக்கியது. ஏதோ பழைய தேவாலயம் என்று நினைத்துப் போதகர் ஒரு பாட்டை எடுத்தார், பெண்கள் முக்காடு போட்டுக் கண்ணை மூடினார்கள். இரண்டாம் சரணத்தில் வழிகாட்டி ஓடிவந்து, இது ஒரு ராஜாவின் கல்லறை என்றார். போதகர் அசரவில்லை. ஆரம்பித்த பாட்டைப் பாதியில் விடக்கூடாது என்று முழுவதும் பாடித்தான் நிறுத்தினார்.

அங்கிருந்து உள்ளே போனால் மலைமேல் இன்னொரு வாசல் உண்டு, படிகள் எண்ணூறு. அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு கீழே ஒரு டீக்கடையில் உட்கார்ந்துவிட்டாள். நான் மற்றவர்களோடு ஏறினேன். குடிக்கிற தண்ணீர் பாதிப்படியிலேயே தீர்ந்தது. மேலே போய்ச் சேர்ந்தபோது என் ஷூ இரண்டும் செங்கல் நிறம்.

போதகரின் மனைவி ஒவ்வொருவரையாக நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். என் முறை வரப்போகிறது. ஊருக்குப் போனதும் ஞாயிறு பள்ளியில் எல்லாரும் பார்க்கப்போகிற போட்டோ. நான் ஒரு பாறைக்குப் பின்னால் போய், துண்டை அவிழ்த்து, முதலில் சொட்டுச் சொட்டாகத்தான் ஊற்றினேன். ஒரு ஷூ வெளுத்துவிட்டால் மற்றதை எப்படி விடுவது? அதையும் கழுவினேன். மிச்சத்தில் முகம்.

தாகத்தில் குடித்திருந்தாலாவது சொல்லிக்கொள்ள ஒரு நியாயம் இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் ஓட்டல் குளியலறைக் குழாயில் பாட்டிலை நிறைத்தேன். யோர்தான் தண்ணீர் கலங்கலாக இருந்தது, இது பளிங்குபோல் இருந்தது. பைக்குள் உதிர்ந்திருந்த செம்மண்ணில் ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்கினேன். பத்து வயதில் அவ்வளவு கள்ளப்புத்தி எனக்கு. ஓட்டல் இருந்த அந்த ஊருக்கே மோசேயின் பள்ளத்தாக்கு என்று பெயர், மோசே கன்மலையை அடித்து வரவழைத்த ஊற்று அங்கேதான் இருக்கிறதென்று சொல்வார்கள் எனப் பின்னால் படித்தேன். அதைப் பிடித்துக்கொண்டு என்னை நானே சமாதானப்படுத்தப் பார்த்ததும் உண்டு. நடக்கவில்லை.

ஞானஸ்நானத்தன்று போதகர் பாட்டிலை உயர்த்திக் காட்டி, இது யோர்தானின் தண்ணீர் என்றார். சபை முழுவதும் எழுந்து நின்றது. ஆராதனை முடிந்ததும் சித்தி அழுதுகொண்டே வந்து என் கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

“என் பிள்ளைக்கு நீ சுமந்து கொண்டுவந்ததாக்கும் மக்கா. நான் மறக்கமாட்டேன்.”

மிச்சத் தண்ணீரை அவள் பீரோவில் வேதபுத்தகத்தின் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த கோடை லீவுக்கு நான் சித்தி வீட்டில் இருந்தேன். பிள்ளைக்குப் பத்து மாசம். காய்ச்சல் வந்து இரண்டு நாளாக இறங்கவில்லை. பால் குடிக்கவில்லை, தூக்கினால் கழுத்து விறைத்தது. சித்தப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, நெய்யாற்றின்கரை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோவோம் என்றார்.

“நாளைக்கு காலத்தே பாப்போம். யோர்தான் தண்ணி கொடுத்திருக்கேன்லா? இறங்கும்” என்றாள் சித்தி. கையில் அந்தப் பாட்டிலும் ஒரு ஸ்பூனும் இருந்தன.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் திறந்ததும் அவள் திரும்பிப் பார்த்தாள்.

“எந்தா மக்கா?”

“தாகமா இருக்கு சித்தி.”

அந்த நிலையிலும் அவள் எழுந்துபோய் எனக்கு ஒரு செம்பில் சீரகம் போட்டுக் காய்ச்சிய தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். நான் அதைக் குடித்தேன்.

விடியும்போது பிள்ளைக்கு வலிப்பு வந்தது. ஆசுபத்திரியில் மூளைக்காய்ச்சல் என்றார்கள். ஒரு நாள் முந்திக் கொண்டுவந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். பிழைத்துக்கொண்டான். இடதுகாது போய்விட்டது. இப்போது என்னைவிட வளர்ந்துவிட்டான். அவனிடம் ஏதாவது சொல்லவேண்டுமென்றால் நான் வலதுபக்கம் சுற்றிப் போகவேண்டும்.

ரொம்ப காலம் நான் ஜெபித்தது ஒன்றுதான்: அது நிஜ யோர்தான் தண்ணீராக இருந்திருந்தால் அவன் சுகமாகியிருப்பான், என்னை மன்னியும் என்று. அன்று கதவருகே நின்றபோது, சொன்னால் எனக்கு அடி விழும், ஊர் சிரிக்கும் என்பது மட்டும்தான் தெரிந்தது. அது ஓட்டல் குழாய்த் தண்ணீர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், சித்தி ஸ்பூனை அங்கேயே போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடியிருப்பாள் என்பது அப்போது தெரியவில்லை.